உலகில் அதிகம் பேர் பேசும் மொழி எது? அரியாங்குப்பத்தில் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு



போன செமஸ்டர் முடிகிற நேரத்தில் எங்கள் கல்லூரி கேண்டீனில் ஒரு வாக்குவாதம். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற நண்பர்கள் இரண்டு பேர். கேள்வி இதுதான்: "உலகில் அதிகம் பேரால் பேசப்படும் மொழி எது?" ஒருவன் வைத்திருந்த கைடில் விடை சீனம். இன்னொருவன் புத்தகத்தில் விடை ஆங்கிலம். இரண்டுமே அச்சடித்த புத்தகம், இரண்டுமே காசு கொடுத்து வாங்கியது. யாரும் விட்டுக் கொடுக்கவில்லை. டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.

நான் படிப்பது பி.காம். கூட்டல் கணக்கில் இரண்டு விடை வந்தால் எங்கோ ஒரு பதிவு தவறிவிட்டது என்று தேடுவது எங்கள் தொழில். அப்படித் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. சீனாவில் ஆரம்பித்தது கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து முடிந்தது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு விடையும் சரி

முதலில் அந்தச் சண்டையைத் தீர்த்து விடுவோம். தாய்மொழியாகப் பேசுகிறவர்களை மட்டும் எண்ணினால் மாண்டரின் சீனம்தான் முதலிடம், 90 கோடிக்கு மேல். தாய்மொழியாகப் பேசுகிறவர்களோடு பின்னால் கற்றுக் கொண்டவர்களையும் சேர்த்து எண்ணினால் ஆங்கிலம் முதலிடம், சுமார் 150 கோடி. உலக மொழிகளைப் பட்டியல் போடும் எத்னோலாக் என்ற வெளியீடு தருகிற கணக்கு இது. ஆங்கிலத்தின் 150 கோடியில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்கும் குறைவு. மிச்சம் 110 கோடிப் பேர் நம்மைப் போலப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து கற்றுக் கொண்டவர்கள்.

மொத்த எண்ணிக்கையில் இந்த இரண்டுக்கும் பிறகு வருகிறவை, தோராயமாக: இந்தி 60 கோடி, ஸ்பானிஷ் 55 கோடி. அடுத்து அரபி, பிரெஞ்சு ஆகியவை 30 கோடியைத் தாண்டி. பிறகு வங்காளமும் போர்த்துகீசும் 25 கோடியைத் தாண்டி. நம் தமிழ் சுமார் எட்டரைக் கோடி, இருபதாம் இடத்தை ஒட்டி.

இதில் அரபியின் கதை வேடிக்கையானது. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பள்ளியிலும் இருக்கிற பொது அரபியை வீட்டில் தாய்மொழியாகப் பேசுகிறவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. மொராக்கோக்காரர் வீட்டில் பேசுவது ஒன்று, எகிப்துக்காரர் வீட்டில் பேசுவது இன்னொன்று. பொது அரபி எல்லாரும் பள்ளிக்குப் போய்க் கற்றுக் கொள்வது. தாய்மொழிக் கணக்கில் பூஜ்யத்தை ஒட்டியும், மொத்தக் கணக்கில் முதல் பத்துக்குள்ளும் இருக்கிற ஒரு மொழி!

ஆக, "எத்தனை பேர் பேசுகிறார்கள்" என்பதற்கு முன் "யாரை எண்ணுகிறோம்" என்று கேட்க வேண்டும். இது முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது.

எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். ஒரு செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து லாபமே மாறிவிடும். மொழிக் கணக்கிலும் அப்படித்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "உங்கள் தாய்மொழி எது" என்ற கேள்விக்கு இந்தியா முழுக்க வந்த விதவிதமான பதில்கள் 19,569. எழுத்துப் பிழை, ஊர்ப் பெயர், சாதிப் பெயர் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கழித்த பிறகு 1,369 தாய்மொழிகள் கிடைத்தன. அவற்றையும் தொகுத்து, 10,000 பேருக்குக் குறையாமல் உள்ளவற்றை மட்டும் தனியாகக் காட்டி, கடைசியில் 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். அதில் 22 அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை.

அந்தப் பட்டியலில் இந்திக்கு 52.83 கோடிப் பேர். நாட்டு மக்களில் 43.6 சதவீதம். ஆனால் இந்தித் தலைப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் இருக்கின்றன. போஜ்புரி 5.06 கோடி, ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி... "என் தாய்மொழி இந்தி" என்றே பதில் சொன்னவர்கள் 32.2 கோடிதான். மிச்சம் 20 கோடிப் பேர் சொன்னது வேறு பெயர், எழுதப்பட்டது இந்தித் தலைப்பின் கீழ்.

மைதிலியும் முன்பு இந்தியின் கீழ்தான் இருந்தது. 2003ல் அரசியலமைப்பின் 92வது திருத்தம் அதை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. அடுத்து வந்த பட்டியலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பேரோடு அது தனி மொழி. பேசுகிறவர்கள் அதே ஊரில் அதே மாதிரிதான் பேசிக் கொண்டிருந்தார்கள். தலைப்பு மட்டும் மாறியது.

இந்தியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக் கொள்ள முடியாது. அதே 2011 பட்டியலில் தமிழுக்கு 6.90 கோடி. அந்தத் தலைப்பைத் திறந்தால் உள்ளே இருளர் மொழியும், கைகாடியும், எருகலாவும் உட்கார்ந்திருக்கின்றன. எண்ணிக்கை சிறியது. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான்.

சீனத்திலும் இதே கதை. கான்டனீஸ் பேசுகிற ஹாங்காங்காரர் பேசுவது பெய்ஜிங்காரருக்குப் புரியாது. எழுத்து பொது என்பதால் வெளியில் இருந்து பார்க்கிற நாம் எல்லாவற்றையும் "சீனம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம். நேர் எதிராக, இந்தியும் உருதும் கடைத்தெருவில் பேசும்போது கிட்டத்தட்ட ஒன்று. எழுத்து வேறு, சமய அடையாளம் வேறு என்பதால் இரண்டு மொழிகளாக எண்ணப்படுகின்றன.

பதில் சொல்கிறவர்களும் அரசியல் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். 1951 கணக்கெடுப்பில் பஞ்சாபில் இது பெரிய தகராறு. வீட்டில் பஞ்சாபி பேசிக் கொண்டே "இந்தி" என்று எழுதச் சொன்னவர்கள் ஏராளம். கடைசியில் அந்தப் பகுதிக்கு இந்தி, உருது, பஞ்சாபி, பஹாடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கை அதிகம் இருந்தால் அதிகாரமும் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1947ல் உருவான பாகிஸ்தானில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்மொழி வங்காளம். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் உருது மட்டுமே அரசமொழி என்றார்கள். 1952 பிப்ரவரி 21ல் டாக்காவில் துப்பாக்கிச் சூடு, மாணவர்கள் செத்தார்கள். 1999ல் யுனெஸ்கோ அந்த நாளைத்தான் உலகத் தாய்மொழி நாள் என்று அறிவித்தது. எண்ணிக்கையில் பெரிய மொழிக்காரர்கள் தங்கள் மொழிக்காக உயிர் கொடுத்த நாள் அது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சரி, அப்படியானால் ஒரு மொழி எப்படிப் பெரிதாகிறது? எப்படிச் சிறிதாகிறது? இதைத் தெரிந்து கொள்ள நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சைக்கிளை எடுத்துக் கொண்டு காக்காயந்தோப்பு வரை போனால் போதும்.

அரிக்கமேட்டில் கிடைத்த எழுத்துகள்

எங்கள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்பீர்கள். 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அவருக்குப் பின் 1940களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோம நாட்டு மது ஜாடிகள், மணிகள், இத்தாலியின் அரெட்சோ பக்கத்துச் சிவப்புப் பாத்திரங்கள் எல்லாம் கிடைத்தன. அந்தப் பாத்திரத் துண்டுகள் சிலவற்றில் லத்தீன் எழுத்தில் குயவர் முத்திரை இருந்தது. அதே மண்ணில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இந்த ஆற்றங்கரையில் நின்று யாராவது "உலகில் பெரிய மொழி எது" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? மேற்கே இருந்து வந்த வியாபாரி கிரேக்கத்தையோ லத்தீனையோ சொல்லியிருப்பான். எகிப்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களின் வியாபார மொழி கிரேக்கம். செங்கடலில் இருந்து இந்தியக் கடற்கரை வரை உள்ள துறைமுகங்களைப் பட்டியலிடும் பெரிப்ளூஸ் என்ற நூல் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வருகிற "பொதுகே" நம் ஊர்ப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம்மவர்களும் அங்கே போய் உட்கார்ந்து வியாபாரம் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய லத்தீனை இன்று வீட்டில் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. ஆனால் அது செத்துப் போனது என்று சொல்வதும் பாதி உண்மைதான். அது இத்தாலியம், ஸ்பானிஷ், போர்த்துகீசு, பிரெஞ்சு, ருமேனியம் என்று பிரிந்து போனது. இந்த ஐந்தையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதிப் பாருங்கள். தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மட்டுமே 90 கோடியை நெருங்குவார்கள். மாண்டரினுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தனித்தனித் தலைப்பில் எழுதுவதால் லத்தீனுக்குப் பூஜ்யம்!

லத்தீன் எங்கள் ஊருக்கு இன்னொரு முறையும் வந்தது. அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்தில் 1770களில் ஒரு கிறிஸ்தவக் குருமடம் இருந்தது. சயாம், வியட்நாம், சீனா பக்கத்து மாணவர்கள் அங்கே படித்தார்கள். அதை நடத்திய பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பாதிரியார் வியட்நாமிய - லத்தீன் அகராதி ஒன்றை இங்கே இருந்தபோதுதான் தொகுத்தார். வீராம்பட்டினம் என்றால் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவும் மீனும் மட்டும் நினைத்திருந்த எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை.

ஆண்டவர்கள் சிலர், மொழிபெயர்த்தவர் ஒருவர்

லத்தீனின் பேத்தியான பிரெஞ்சு இங்கே நிலையாக வந்து உட்கார்ந்தது 1674ல், பிரான்சுவா மர்த்தேன் காலத்தில். அன்று இந்தக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களோடு பேசுவதற்குப் பொது மொழியாக இருந்தது போர்த்துகீசு. நாம் இன்றும் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று சொல்கிறோமே, எல்லாம் அந்தப் போர்த்துகீசுச் சரக்கு.

பிரெஞ்சு ஆட்சி நடந்தது என்றாலும் பிரெஞ்சு பேசியவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிப் பேர் ஊரோடு பேச துபாஷி வேண்டும். துபாஷி என்றாலே இரண்டு பாஷை தெரிந்தவர். 1747 முதல் தூப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல் ஆரம்பித்து 1761ல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களோடு நாள் முழுக்கப் பழகியவர் இரவில் உட்கார்ந்து எழுதியது தமிழில். இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட அவர் தமிழைத் தேடித்தான் வர வேண்டியிருக்கிறது.

1954 அக்டோபர் 18ல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. 1956ல் கையெழுத்தான உடன்படிக்கையில் மொழிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்பது அதன் சாரம். 1962 ஆகஸ்ட் 16ல் உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 1965ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். பன்னிரண்டரை லட்சம் பேர் (2011 கணக்கு) உள்ள நம் குட்டி மாநிலத்தில் மூன்று திராவிட மொழிகள், கூடவே ஆங்கிலமும் பிரெஞ்சும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் உலகில் எத்தனை பேர்? ஏறக்குறைய 8 கோடி. தமிழைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள்? அதுவும் ஏறக்குறைய 8 கோடி! வீட்டுக்குள் இரண்டும் சரிசமம். ஆனால் மொத்தக் கணக்கில் பிரெஞ்சுக்கு 32 கோடி (பிரெஞ்சு மொழி நாடுகளின் அமைப்பு 2022ல் வெளியிட்ட எண் 32.1 கோடி). தமிழுக்கு எட்டரைக் கோடி. பிரெஞ்சுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த 24 கோடி?

பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் இருந்து. பெல்ஜியத்திடம் அடிமைப்பட்டுக் கிடந்த காங்கோ 1960ல் விடுதலை அடைந்தது. நாட்டுக்குள் 200க்கும் மேற்பட்ட மொழிகள். எதை ஆட்சிமொழி ஆக்கினாலும் மற்றவர்களுக்குக் கோபம் வரும் என்ற நிலையில் பிரெஞ்சே தொடர்ந்தது. இப்படியே செனகல், ஐவரி கோஸ்ட், கேமரூன்... பள்ளிக்கூடம் பிரெஞ்சில், வேலைக்கான தேர்வு பிரெஞ்சில். பிள்ளைகள் கற்றுக் கொண்டார்கள். ஸ்பானிஷும் போர்த்துகீசும் வேறு வழியில் வளர்ந்தன. அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய இடத்தில் அவை தாய்மொழியாகவே மாறிவிட்டன. இன்று போர்த்துகலில் சுமார் ஒரு கோடிப் பேர், பிரேசிலில் 20 கோடிக்கு மேல். அந்த வளர்ச்சிக்குக் கீழே எத்தனை பழங்குடி மொழிகள் புதைந்து கிடக்கின்றனவோ!

அந்த 32 கோடியில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1848ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றி ரியூனியனுக்கும், 1853ல் இருந்து மார்த்தினிக்குக்கும், 1854ல் இருந்து குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போனார்கள். அவர்கள் வாரிசுகள் இன்றும் மாரியம்மன் கும்பிடுகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். ராமசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. ஆனால் வீட்டில் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். கோயிலில் பாடுகிற தமிழ்ப் பாட்டுக்குப் பாடுகிறவருக்கே பொருள் தெரியாத நிலை வந்துவிட்டது. சாமி மிஞ்சியது, பெயர் மிஞ்சியது, மொழி போய்விட்டது. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பிரெஞ்சுப் பக்கத்தில் வரவு.

இதைப் படித்துவிட்டு "ஐயோ, தமிழை இழந்தார்களே" என்று பெருமூச்சு விட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்தப் பெருமூச்சு என்னையே திருப்பிக் கேள்வி கேட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் அப்பாவின் அம்மாவை அவ்வா என்று கூப்பிடுவோம். அந்த ஒரு சொல்லிலேயே விஷயம் புரிந்திருக்கும். நாங்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பம். அவ்வாவுக்குத் தெலுங்கில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவர் படித்த நாலாம் வகுப்பு தமிழில்தான். ஆனால் என் அப்பாவோடும் அத்தைகளோடும் இன்றும் தெலுங்கில்தான் பேசுவார். எனக்கு "ரா", "தினு", "பண்டுகோ" தெரியும். வா, சாப்பிடு, படுத்துக்கோ. அதற்கு மேல் அவர் வேகமாகப் பேசினால் முகத்தைப் பார்த்துப் புரிந்து கொள்வேன். ஏனாமில் இருந்து வந்து எங்களோடு படிக்கிற நண்பன் ஒருமுறை வீட்டுக்கு வந்தான். அவ்வாவும் அவனும் அரை மணி நேரம் பேசினார்கள். போகும்போது சொன்னான், "உங்க அவ்வா சொல்ற சில வார்த்தைய எங்க ஊர்ல நான் கேட்டதே இல்லடா." அரை மணி நேரமும் நான் காபி டம்ளரைப் பிடித்துக் கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2011 பிப்ரவரியில் கணக்கெடுப்புக்கு ஒரு ஆசிரியை எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அன்று என்ன எழுதச் சொன்னீர்கள் என்று இப்போது அப்பாவிடம் கேட்டேன்.

"தமிழ்னுதான் சொன்னேன். எல்லாருக்கும்."

"அவ்வாவுக்குமாப்பா?"

"ஆமா. படிச்சது தமிழ், பேசறது தமிழ், ரேஷன் கார்டு தமிழ். எதுக்குத் தனியா ஒண்ணு சொல்லிக்கிட்டு..."

"தெரிஞ்ச வேற மொழின்னு ரெண்டு கேட்பாங்களே?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இங்கிலீஷ் சொன்னேன். அவ்வாவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த அவ்வா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் இத்தனை நாளா பேசினது என்னடா?" என்றார், தெலுங்கில். அது எனக்குப் புரிந்தது. அப்பா சிரித்து மழுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவர் தாய் பேசிய மொழியே அவர் தாய்மொழி. அந்த விளக்கப்படி பார்த்தால் அவ்வாவுக்குத் தெலுங்கு. அப்பாவுக்கும் தெலுங்கு. என் அம்மாவும் திண்டிவனம் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண்தான். ஆனால் என்னிடம் பேசியது தமிழ். "நீ ஸ்கூல்ல கஷ்டப்படக் கூடாதுன்னுதான்" என்கிறார். ஆகவே எனக்குத் தமிழ். இதில் எந்தத் தப்பும் இல்லை, தமிழ் என் மொழிதான், இதோ அதில்தான் எழுதிக் கொண்டிருக்கிறேன். ஆனால் ரியூனியனில் ஒரு கப்பல் பயணமும் நூற்று ஐம்பது வருடமும் எடுத்துக் கொண்ட காரியம் எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே தலைமுறையில் முடிந்துவிட்டது. யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, யாரும் தடை போடவில்லை.

தமிழின் மொத்தக் கணக்கில் தாய்மொழிக்காரர்களுக்கு மேல் சில பத்து லட்சம் பேர் கூடுதலாக வருகிறார்களே, அவர்கள் யார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம் பேசுகிற வீடுகளில் வளர்ந்து தமிழையும் சொந்தமாக்கிக் கொண்டவர்கள். என் அப்பா அவர்களில் ஒருவராக எண்ணப்பட்டிருக்க வேண்டியவர். தவறான கட்டத்தில் விழுந்துவிட்டார்.

ஒரு வீட்டில் நடந்தது சின்ன விஷயம்தான். 2011ல் தெலுங்குக்கு 8.11 கோடி, அதில் ஒரு அவ்வா குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஆயிரம் பேர், ஐயாயிரம் பேர் மட்டுமே பேசுகிற மொழியில் பத்து அப்பாக்கள் "எதுக்குத் தனியா" என்று நினைத்துவிட்டால்? 10,000 என்ற கோட்டுக்குக் கீழே போனால் பட்டியலில் பெயரே தனியாக வராது. பெயர் வராத மொழிக்குப் பாடப் புத்தகம் கேட்க ஆள் இருக்காது.

கேண்டீன் கேள்விக்கு இப்போது என்னிடம் இருக்கிற பதில் இதுதான். தாய்மொழிப் பட்டியலில் சீனம், மொத்தப் பட்டியலில் ஆங்கிலம். தேர்வில் கேட்டால் கேள்வியை ஒழுங்காகப் படித்துவிட்டுக் குறியுங்கள். இந்தியாவிலேயே பாருங்கள், 2011ல் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்றவர்கள் வெறும் 2.6 லட்சம், இரண்டாவது மூன்றாவது மொழியாகச் சொன்னவர்களையும் சேர்த்தால் சுமார் 12.9 கோடி. மொத்தப் பட்டியலில் ஒரு மொழியை மேலே ஏற்றுவது பள்ளிக்கூடமும் வேலையும் சம்பளமும். தாய்மொழிப் பட்டியலில் அது நிற்பதும் விழுவதும் வீட்டில் குழந்தையிடம் என்ன பேசுகிறோம் என்பதில்.

2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து நடத்தப் போவதாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. எங்கள் திண்ணைக்கு ஆள் வரும்போது பதில் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக் கொண்டிருக்கிறேன். அவ்வா: தாய்மொழி தெலுங்கு, தெரிந்த மற்ற மொழி தமிழ். அப்பா: தாய்மொழி தெலுங்கு, மற்றவை தமிழ், ஆங்கிலம். நான்: தாய்மொழி தமிழ், மற்றவை ஆங்கிலம்... அடுத்த இடத்தில் தெலுங்கு என்று எழுதச் சொல்ல எனக்கு இப்போது தகுதி இல்லை. அதனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவ்வாவிடம் அரை மணி நேரம் பாடம் கேட்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் வயிறு வலிக்கச் சிரிக்கிறார் :)

உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா என்ன மொழி பேசுகிறார்கள்? போன கணக்கெடுப்பில் என்ன எழுதினார்கள்? இன்றே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தெரிந்ததை எனக்கும் எழுதுங்கள்.